பொலேரோ கேம்பர்: கதவு பீடிங் வெடிப்பு, பக்கப் பட்டைக்கு அடியில் துரு. நானே மாற்றலாமா?

உப்பளத்தான்

வணக்கம். ஊர் தூத்துக்குடி. வண்டி 2011 மஹிந்திரா பொலேரோ கேம்பர், வெள்ளை, அப்பா வாங்கியது. உப்பு மூட்டை, அளத்துக்குப் போகிற ஆட்கள், கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் பெட்டி என எல்லாம் இதில்தான் போகும். இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளித்தோற்றம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அடியில் ஓடும் ரப்பர் பீடிங், நான்கு கதவிலும் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. கண்ணாடியை இறக்கினால் மணல் உரசுகிற சத்தம். டிரைவர் பக்கக் கண்ணாடியில் மேலும் கீழுமாகக் கீறல் விழுந்துவிட்டது. கதவின் நடுவே ஒட்டியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை (வாங்கிய பிறகு கடையில் போட்டது) இடது பின் கதவில் பிரிந்து தொங்குகிறது. போன வருஷம் ஒரு கடையில் அதற்குள் சிலிகானைப் பீய்ச்சி அமுக்கிவிட்டார்கள். இப்போது அந்த விளிம்பிலிருந்து துருத் தண்ணீர் வடிந்து, வெள்ளைப் பெயின்டில் வெற்றிலைச் சாறு ஒழுகினாற்போல் இருக்கிறது.

இதையெல்லாம் நானே மாற்றலாமா? கதவைக் கழற்ற வேண்டியிருக்குமா? ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்கணும்.

நெல்லை டீசல்

இதுக்குப் போய் எதுக்குச் செலவு? துணியை டீசலில் நனைத்து வாரம் ஒரு தடவை துடையுங்கள். ரப்பர், பிளாஸ்டிக் இரண்டும் புதுசு மாதிரி கறுத்துவிடும். என் வண்டிக்குப் பத்து வருஷமாக அதுதான் வைத்தியம்.

பட்டறை அண்ணாச்சி

டீசல் வேண்டாம் தம்பி. ரப்பர் டீசலைக் குடித்து உப்பிக்கொள்ளும், நாளாவட்டத்தில் இளகிப் பிசுபிசுக்கும். பளபளப்பு இரண்டு நாள்தான். அப்புறம் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் வந்து ஒட்டும். கண்ணாடியைக் கீறுவதே அந்தப் புழுதிதான்.

வேலையைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரியணும். பிரேக் அடிக்கும்போது கதவுக்குள் தண்ணீர் சளசளக்கிறதா? அந்தக் கடைக்காரர் சிலிகான் போட்ட அன்று வினிகர் வாடை அடித்ததா? மழை பெய்தால் உள்ளே கால்மிதி நனைகிறதா?

உப்பளத்தான்

அண்ணாச்சி, பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். சத்தம் வருகிறது, சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்று நினைத்திருந்தேன். சிலிகான் போட்ட அன்று வண்டி முழுக்க ஊறுகாய்க் கடை வாடை. கால்மிதி இடது பின் பக்கம் மட்டும் நனைகிறது.

பட்டறை அண்ணாச்சி

சரி, அப்படியானால் பீடிங் கடைசி வேலை.

கதவுக்குள் தண்ணீர் போவது தவறில்லை. புது வண்டியிலும் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடிவிளிம்பில் ஓட்டைகள் உண்டு. பீடிங் வெடித்துவிட்டால் தண்ணீரோடு மணலும் உப்பும் இறங்கி அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். உங்கள் ஊரில் காற்றிலேயே உப்பு. கதவைத் திறந்து, கீழே குனிந்து, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

அடுத்தது சிலிகான். வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். பெயின்ட் உரிந்த இரும்பில் அதைப் போட்டால் அதுவே துருவுக்கு உரம். கண்ணாடித் தொட்டிக்கு நல்ல சரக்கு, கதவுத் தகட்டுக்கு ஆகாது. வண்டிக்கு பாலியூரித்தேன் சீலன்ட் கேளுங்கள், இல்லாவிட்டால் 'நியூட்ரல்' என்று போட்ட சிலிகான்.

பட்டையை நெம்பாதீர்கள். முதலில் அதன் மேல் விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி அடையாளம் வையுங்கள். பட்டையை எடுத்தபின் பழைய இடம் எது என்று எவனுக்கும் தெரியாது. பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டி, பின்னால் தங்கூசி நரம்பை (தூண்டில் நரம்பு) விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள். சிலிகான் மிச்சத்தை பிளேடால் முழுசாகச் சுரண்டிய பிறகுதான் உப்புத்தாள் போடணும். முன்னாலேயே தேய்த்தால் சிலிகான் பரவி, மேலே அடிக்கிற பெயின்ட் மீன் கண் மாதிரி குழி குழியாக விலகும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவிக் காயவிடுங்கள். உப்பை உள்ளே வைத்து பிரைமர் அடித்தால் ஆறு மாதத்தில் கொப்புளிக்கும். துருவை இரும்பு பிரஷால் எடுத்து, 80 நம்பர், 180, 320 என்று தேய்த்து எபாக்சி பிரைமர் அடித்து, மேலே கலர். வெறும் ரெட் ஆக்சைடு (கேட், கிரில்லுக்கு அடிக்கிற சிவப்பு பிரைமர்) அடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.

தேய்க்கும்போது ஸ்குரு டிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். உள்ளே போனால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

கோவை கிளட்ச்

பீடிங் வாங்கும்போது கவனம். மீட்டர் கணக்கில் விற்கிற ரப்பரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் கண்ணாடியைத் துடைக்கிற வெல்வெட் உதடு இருக்காது, இரண்டே மாதத்தில் சுருங்கும். முன் கதவு, பின் கதவு, இடது, வலது நான்கும் வேறு வேறு. ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பரைக் காட்டி வாங்குங்கள், பழைய துண்டையும் கையோடு கொண்டு போங்கள். சென்னை வந்தால் ஜி.பி. ரோட்டில் கேட்கலாம். புதுப்பேட்டையில் கழற்றி விற்கிற பீடிங் வேண்டாம், அதுவும் உங்களுடையது மாதிரி வெயிலில் வெந்ததுதான்.

நரைத்துப்போன வேறு பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை இருந்தால், பின்புறம் பி.பி. என்ற இரண்டு எழுத்து அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். பிளாஸ்டிக்குக்கான தனி பிரைமர் இல்லாமல் எந்தப் பெயின்டும் நிற்காது, நகத்தால் உரிக்கலாம்.

உப்பளத்தான்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. ஈர்க்குச்சி வளைந்துவிட்டது, சைக்கிள் கம்பியால் குத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் 'பொளக்' என்று காபி நிறத்தில் தண்ணீர், பின்னாலேயே ஈரமணல். கையில் எடுத்து நசுக்கினால் உப்புக் கல்லும் இருந்தது. இடது பின் கதவில் மட்டும் ஒன்றரை லிட்டராவது வந்திருக்கும்.

கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு பீடிங்கை எடுத்தேன். கதவு விளிம்பில் ஒரு முனைக்கு ஒரு திருகு, மற்றபடி தகட்டைக் கவ்விக்கொண்டுதான் நிற்கிறது. துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டை நெம்புகோலாக வைத்து மேல்நோக்கி இழுத்தால் வந்துவிட்டது. மூன்று கதவில் துரு மேலோட்டம்தான், பிரைமர் அடித்தாகிவிட்டது.

இடது பின் கதவில் பட்டைக்கு அடியில் ஸ்குரு டிரைவர் உள்ளே போய்விட்டது. மல்லி விதை அளவு இரண்டு ஓட்டை, சுற்றிலும் தகடு அப்பளம். பட்டி (குழி நிரப்புகிற பசை) போட்டு அடைத்துவிடலாமா?

பட்டறை அண்ணாச்சி

பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னாலிருந்து தண்ணீர் வருகிற இடத்தில் அது தாங்காது. அந்த அளவுக்குத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டிங் பிடிக்கணும். இதை மட்டும் டிங்கரிங் பட்டறையில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கதவு பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் பொசுங்கும். கழற்றியதும் பின்னால் இருக்கிற பாலிதீன் ஷீட் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுங்கள். உங்கள் கால்மிதி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உப்பளத்தான்

ஷீட் கீழே பாதிக்கு மேல் பிரிந்து தொங்குகிறது! இரண்டு வருஷம் முன்பு அந்தக் கதவில் கண்ணாடி ஏற்றுகிற மெஷினை மாற்றினோம். வேலை செய்தவர் மேல்விளிம்பை மட்டும் அமுக்கிவிட்டு பேடை மூடியிருக்கிறார்.

பட்டறை அண்ணாச்சி

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கதவுக்குள் இறங்குகிற தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். நீங்கள் பீடிங்கைத் தங்கத்தில் போட்டாலும் கால்மிதி நனைந்திருக்கும். சுற்றிலும் ப்யூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) போட்டு ஒட்டுங்கள், அடிமுனையைக் கதவுக்குள் சொருகிவிடுங்கள்.

பட்டையைத் திரும்ப ஒட்ட ஃபோம் உள்ள அக்ரிலிக் டேப் வாங்குங்கள், 3எம் மாதிரி. கலர் நன்றாகக் காய்ந்த பிறகு, காலையில், நிழலில். உச்சி வெயிலில் தகடு சுடும்போது ஒட்டாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ஒட்டி, அங்குலம் அங்குலமாகக் கட்டைவிரலால் அழுத்துங்கள். 20 நிமிஷத்தில் பாதிப் பிடிப்புதான் வரும், முழுசாகப் பிடிக்க 72 மணி நேரம். அதுவரை வண்டியைக் கழுவாதீர்கள்.

உப்பளத்தான்

எல்லாம் முடிந்தது. வெல்டிங், கலர், புது பீடிங், பட்டை. வலது முன் பீடிங்கை மட்டும் கடையில் இடதுக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டார்கள், மாற்ற ஒரு நடை கூடுதல். நேற்று ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் கண்ணாடி மேல் தண்ணீர் அடித்தேன். கதவு அடியில் நான்கு ஓட்டையிலும் சொட்டுச் சொட்டாக வடிகிறது. கால்மிதிக்கு அடியில் போட்ட தினத்தாள் துளி நனையவில்லை.

நெல்லை டீசல்

சும்மா இருக்க முடியாமல் என் வண்டிக் கதவிலும் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒரு செம்பு தண்ணீர். சரி அண்ணாச்சி, டீசலுக்குப் பதில் என்ன தடவணும்?

பட்டறை அண்ணாச்சி

முதலில் சோப்புத் தண்ணீரில் அந்தப் பத்து வருஷ டீசலைக் கழுவுங்கள். வெடிப்பு இல்லாமல் மிச்சம் ரப்பர் இருந்தால் சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து லேசாகத் துடைத்தால் போதும். பெயின்ட் வேலை ஏதும் இருந்தால் அதை முடித்த பிறகு.

நெல்லை டீசல்

கழுவினேன். பீடிங் துணியோடு வந்துவிட்டது. சேசிஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.