மாநாட்டுத் தொலைபேசிகள்: சிலவற்றில் எண் வருவதில்லை, ஒன்றில் மட்டும் நேரம் தவறு

கேள்வி:
வணக்கம். கூட்ட அறைகளுக்கான ஐபி மாநாட்டுத் தொலைபேசிகளைத் தானியங்கி முறையில் அமைக்க முயல்கிறேன். டிஹெச்சிபி (கருவிகளுக்கு வலையமைப்பு விவரங்களைத் தானே வழங்கும் சேவை) 66ஆம் விருப்பத்தின் வழியே லினக்ஸ் சேவையகத்தின் ஹெச்டிடிபி முகவரி கருவிகளுக்குப் போய்ச் சேருகிறது. சேவையகத்தில் 000000000000 என்ற பெயரில் பொது முதன்மைக் கோப்பும் (கருவி முதலில் படிக்கும் அமைவுக் கோப்பு), ஒவ்வொரு கருவிக்கும் அதன் மேக் முகவரியை (கருவிக்கே உரிய வன்பொருள் அடையாள எண்) பெயராகக் கொண்ட தனிக் கோப்பும் உள்ளன. பெரும்பாலான கருவிகளில் நேர மண்டலமும் மொழியும் சரியாக வருகின்றன, எக்ஸ்டென்ஷன் எண் மட்டும் வருவதில்லை. ஒரே ஒரு கருவியில் இது தலைகீழாக இருக்கிறது: எண் பதிவாகிவிட்டது, நேரம் தவறாக உள்ளது. எங்கே தேடுவது?

மறுமொழி:
கோப்புகளைத் திருத்தத் தொடங்குமுன், ஒரு கருவியை மறுதொடக்கம் செய்துவிட்டுச் சேவையகத்தின் அணுகல் பதிவைப் பாருங்கள். கருவி எந்தப் பெயரில் எந்தக் கோப்பைக் கேட்டது, என்ன விடை பெற்றது என்பதை அந்த வரிகளே சொல்லிவிடும்.

கேட்டவர்:
மேக் முகவரிக் கோப்புக்கு 404 (கோப்பு இல்லை) என்றும், உடனே அடுத்த வரியில் 000000000000 கோப்புக்கு 200 (கிடைத்தது) என்றும் பதிவாகியுள்ளது. பதிவில் மேக் முகவரி சிறிய எழுத்துகளில் இருக்கிறது. என் கோப்புகளின் பெயர்களோ, கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருப்பதுபோலப் பெரிய எழுத்துகளில் உள்ளன. எண் பதிவான அந்த ஒரு கருவியின் கோப்புப் பெயர் மட்டும் சிறிய எழுத்தில் இருக்கிறது.

மறுமொழி:
இரண்டு கோளாறுகளுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுவேறாகக் கொள்வதால், தனிக் கோப்பு கிடைக்காத கருவிகள் பொதுக் கோப்புக்குத் திரும்பிவிடுகின்றன. தனிக் கோப்பு கிடைத்த கருவியோ அதையே முதன்மைக் கோப்பாக எடுத்துக்கொண்டு, பொதுக் கோப்பைக் கேட்பதே இல்லை. இவ்வகைக் கருவிகள் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை. ஆகவே பெயர்களை மட்டும் திருத்தினால், எல்லாக் கருவிகளிலும் எண் வந்து நேரம் தவறிவிடும்.

என் பரிந்துரை, முதன்மைக் கோப்பு ஒன்றே இருக்கட்டும் என்பதுதான். அதில் ஏற்ற வேண்டிய அமைவுக் கோப்புகளின் பட்டியலில், கருவியின் மேக் முகவரியைத் தானே நிரப்பிக்கொள்ளும் மாறியைக் கொண்ட கோப்புப் பெயரை முதலிலும், பொது அமைவுகள் உள்ள கோப்பை அடுத்தும் எழுதுங்கள். ஒரே அமைவு இரு கோப்புகளிலும் இருந்தால், முதலில் படிக்கப்பட்ட மதிப்பே நிலைக்கும் என்பதால் இந்த வரிசை முக்கியம். தனிக் கோப்பின் பெயர் மேக் முகவரி மட்டுமாக இல்லாமல் ஒரு முன்னொட்டுடன் இருக்கட்டும். இல்லையேல் கருவி அதை மீண்டும் முதன்மைக் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல்லில் & குறி இருந்தால் அதை, இக்கோப்புகளின் வடிவமான எக்ஸ்எம்எல் விதிப்படி & என மாற்றி எழுதவும் வேண்டும்; அப்படியே விட்டால் அந்தக் கோப்பு முழுவதையும் கருவி தள்ளிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஒரு கருவியைத் தவிர மற்றவை சரியாகிவிட்டன. அதன் பதிவில் எல்லாக் கோப்புகளுக்கும் 200 என்றே இருக்கிறது, ஆனால் பழைய நேர மண்டலம் மாறவில்லை.

மறுமொழி:
யாரேனும் அதன் வலைப் பக்கத்தில் நேர மண்டலத்தைக் கையால் மாற்றியிருக்கலாம். அவ்வாறு இட்ட மதிப்பு சேவையகக் கோப்பை மேலோங்கி நிற்கும். கருவியின் திரை மெனுவில் வலை வழி அமைவுகளை அழிக்கும் தெரிவைப் பயன்படுத்திவிட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள். கருவிகள் கோப்பேற்றவும் உங்கள் சேவையகம் இடம் தருகிறதென்றால், அந்த மாற்றங்கள் அங்கே தனிக் கோப்பாகவும் சேமிக்கப்பட்டிருக்கும், அதையும் நீக்கிவிடுங்கள்.