வெதர்ஸ்ட்ரிப்: இடுக்குப்பட்டி என்று சொல்லலாமே

நண்பர்களுக்கு வணக்கம்,

'வெதர்ஸ்ட்ரிப்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை 'வானிலைப் பட்டை' என்ற முன்மொழிவு வந்து சேர்ந்ததும் இருக்க முடியவில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் பின்னேரம் வெளியிடும் ஏதோ ஒன்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். கார்க் கதவைச் சுற்றிவர ஓடும் அந்த இறப்பருக்குத்தானே பெயர் தேடுகிறோம்? ஆங்கிலக்காரன் வெதர் என்றான் என்பதற்காக நாமும் வானிலையைக் காவிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

எனக்கு இதில் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர், 1962ஆம் ஆண்டுக் கார், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. போன ஐப்பசி மழைக்குச் சாரதி பக்கத்துக் கால்விரிப்பு ஊறி, தூக்கிப் பார்த்தால் அடித்தகடு கறள் கட்டத் தொடங்கியிருந்தது. சரி என்று கார் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் 'பீடிங்' கேட்டேன், கடைகளில் இந்த இறப்பருக்கு அதுதான் பெயர். கடைக்காரர் சிங்களத்தில் "மொன பீடின் எகத?" என்றார். எந்த பீடிங் என்று கேட்கிறார், எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பீடிங். கதவுக்கு என்றேன். சுருளிலிருந்து அளந்து வெட்டித் தந்தார், காசு கொடுத்து வந்துவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால், உள்ளே மெல்லிய மயிர்த்துணி ஒட்டிய ஒடுங்கிய வாய்க்கால் போல ஒன்று. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் தவாளிப்புக்குப் போடுவது! அதுவும் கதவுக்கு உரியதுதான், அதற்கும் பெயர் பீடிங்தான், ஆகவே அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

அதனால்தான் ஒரு சொல் போதாது என்கிறேன். காரில் இந்த வேலையைச் செய்யும் இறப்பர் மூன்று விதம். கதவு, டிக்கி மூடும்போது நசுங்கி இடைவெளியை நிரப்புவது ஒன்று. கண்ணாடி உரசிக்கொண்டு ஓட வழி விடுவது இன்னொன்று. முன்கண்ணாடியைத் தகட்டு விளிம்போடு கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்பது மூன்றாவது. நசுங்குவதை வாங்கிக்கொண்டு போய் உரசும் இடத்தில் போட்டால் கண்ணாடி இறுகி நின்றுவிடும்.

வந்த முன்மொழிவுகளில் 'அடைப்பான்' நல்ல சொல்தான், ஆனால் அது மாட்டுக்கு வரும் நோயின் பெயர், மிருக வைத்தியர் யாராவது இந்த மடலைப் பார்த்தால் பயந்துவிடுவார். 'நீர்த்தடுப்பு' பிழை என்றே சொல்வேன். கண்ணாடி ஓரத்தால் கதவுக்குள் தண்ணீர் எப்படியும் கொஞ்சம் இறங்கும், இறங்கியது வெளியே வடிவதற்குத்தான் கதவின் அடியில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தடுக்கிறேன் என்று அந்தத் துளைகளையும் சேர்த்து மூடி ஒட்டினால் கதவு உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும். ஒருவர் சித்த மருத்துவத்திலிருந்து 'சீலைமண்' எடுத்துத் தந்தார், பானையையும் மூடியையும் சேர்த்து மண் பூசிய துணியால் சுற்றுவது. அழகான சொல். எனக்கு உடனே அம்மா பிட்டு அவிப்பது ஞாபகம் வந்தது, பானை வாயில் ஈரத்துணி சுற்றி அதற்குள் நீத்துப்பெட்டியை இறுக்குவார், ஆவி ஒரு இழை வெளியே போகாது. ஆனால் சீலைமண் ஒருமுறை பூசினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கார்க் கதவோ ஒரு நாளைக்கு இருபது தரம் திறந்து மூடுவது.

நசுங்கி இடைவெளியை நிரப்பும் முதல் விதத்துக்கு நான் சொல்வது 'இடுக்குப்பட்டி'. கதவிடுக்கில் விரலைக் கொடுக்காதே என்று சொல்லாத வீடு இல்லை, ஆகவே இடுக்கு எது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். பட்டியும் ஆசனப்பட்டியாக ஏற்கெனவே காருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம், இந்தச் சொல் வேலையையும் ஒழுங்காகச் செய்ய வைக்கிறது: முதலில் இடுக்கை அள, பிறகு பட்டியை வாங்கு. நான் இரண்டாம் தரம் அப்படித்தான் செய்தேன். பிள்ளைகள் விளையாடும் களியை உருட்டிக் கதவைச் சுற்றிப் பல இடத்தில் வைத்து, கதவை மூடித் திறந்து, நசுங்கிய களியின் தடிப்பை அளந்தேன். பிணைச்சல் பக்கம் 6 மில்லிமீற்றர், பூட்டுப் பக்கம் 9. அறுபது வருடக் கதவு, எங்கும் ஒரே மாதிரி இருக்காது. அகன்ற இடத்திலும் கொஞ்சம் நசுங்கும்படி, உள்ளே குழாய் போல வெற்றிடம் உள்ள மெதுவான பட்டியாகப் பார்த்து எடுத்தேன்.

பழைய பசையை எடுப்பதுதான் உயிரை வாங்கியது, ஒரு பின்னேரம் முழுக்கச் சுரண்டி, மண்ணெண்ணெயால் துடைத்து, அந்த எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட்டால் இன்னொரு தரம். பசையை இரண்டு பக்கமும் பூசி, பாகுக்குப் பதம் பார்ப்பது போல விரல் வைத்துப் பார்த்து, விரலில் ஒட்டாத பதத்தில்தான் அழுத்த வேண்டும். இழுத்து மட்டும் ஒட்டாதீர்கள். இழுத்து ஒட்டிய பட்டி சில மாதத்தில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். சற்று நீளமாக வெட்டி, பொருத்து வாயைக் கதவின் அடிப்பக்கம் வைத்து, நெருக்கித் தள்ளி ஒட்டினேன். முதல் வாரம் கதவை அறைந்து சாத்த வேண்டியிருந்தது, பிறகு படிந்துவிட்டது. ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்தால் எங்கே லேசாக வருகிறதோ அங்கே இன்னும் இடுக்கு மிச்சம்.

'இறப்பர் வளரும் நாட்டில் நல்ல இறப்பர் இல்லையா' என்று கேட்டவருக்கு: 1876இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் இறப்பர் மரம் நட்ட நாடுதான் இலங்கை. ஆனாலும் இந்த வேலைக்கு இயற்கை இறப்பர் தோது இல்லை. அதன் மூலக்கூற்றுச் சங்கிலியின் நடுத்தண்டிலேயே இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றிலுள்ள ஓசோன் அங்கேயே வெட்டிவிடும், இழுபட்ட இடத்தில் குறுக்கே வெடிக்கும். ஈபிடிஎம் என்ற செயற்கை இறப்பரில் அந்தப் பிணைப்புகள் பக்கக் கிளையில் இருக்கின்றன, நடுத்தண்டு தப்பிவிடுகிறது. பெற்றோல், எண்ணெய் பட்டால்தான் அது ஊதிக் கெடும், அதனால் கிறீஸ் பூசாதீர்கள்.

தமிழக நண்பர்கள் 'ரப்பர்' என்று எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை, 'இடுக்குப்பட்டி'யில் இறப்பர் என்ற சொல்லே வராதது இன்னொரு வசதி. கண்ணாடி ஓடுவதற்கு 'ஓடுபட்டி', கவ்விப் பிடிப்பதற்கு 'கவ்வுபட்டி' என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். எனக்குச் சிக்குப்பட்டது நாலாவது ஒன்றில். பல பழைய கார்களில் கவ்வுபட்டியின் நடுவே ஒரு பிளவு இருக்கும், அதற்குள் மெல்லிய இன்னொரு துண்டைச் செருகினால்தான் மொத்தமும் இறுகும். ஆப்பு மாதிரி வேலை செய்வதால் 'ஆப்புப்பட்டி' என்று எழுதி வைத்தேன். மகள் வாசித்துவிட்டு இன்னும் சிரிக்கிறாள். வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அனுப்புங்கள், அன்றைக்குத்தான் முன்கண்ணாடியைக் கழற்றப் போகிறேன்.