கழிவுநீர்த் தொட்டியில் போட்டால் மார்ஃபின் சிதைந்துவிடுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை, தென்னை விவசாயி
சென்ற மாதம் காலமான என் தந்தையாருக்கு வலி தணிக்கப் பாலியேட்டிவ் செவிலியர் கொடுத்திருந்த 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரைகளில் 18 மிச்சம் இருக்கின்றன. மார்ஃபின் போன்ற அபினி ஆல்கலாய்டுகளைச் சிதைக்கும் நொதி ஒரு பாக்டீரியாவிடம் உண்டு என்று படித்தேன். அப்படியானால் செப்டிக் டேங்கில் போட்டுவிட்டால் அங்குள்ள கிருமிகளே பார்த்துக்கொள்ளுமா? வழிந்தோடும் நீர் தோப்புக்குத்தான் போகிறது.

பதில்: சித்தூர், வேதியியல் ஆசிரியர்
நீங்கள் படித்தது சூடோமோனாஸ் புடிடா எம்10 என்ற பாக்டீரியாவைப் பற்றியதாக இருக்கும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதை எடுத்தது அபினி மருந்துத் தொழிற்சாலையின் கழிவிலிருந்து. நம் வீட்டுத் தொட்டியில் அது குடியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 'சிதைக்கிறது' என்ற சொல்லும் இங்கே ஆளை ஏமாற்றும். அதன் மார்ஃபின் டிஹைட்ரஜனேஸ் நொதி, என்ஏடிபி என்னும் துணைப்பொருளின் உதவியோடு, மார்ஃபினின் ஆறாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியைக் கீட்டோனாக்கி மார்ஃபினோனைத் தருகிறது. வளையக் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. அதே பாக்டீரியாவின் மார்ஃபினோன் ரிடக்டேஸ் அடுத்து இரட்டைப் பிணைப்பு ஒன்றை நிறைவுறச் செய்யும்போது கிடைப்பது ஹைட்ரோமார்ஃபோன், அதாவது மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமான வலிநிவாரணி. அபினியிலுள்ள இன்னொரு ஆல்கலாய்டான கோடீனைக் கொடுத்தால் இதே வழியில் ஹைட்ரோகோடோன் என்ற வலிநிவாரணி வரும். ஆகவே ஆய்வாளர்களுக்கு இது குப்பை அள்ளும் நொதி என்பதைவிட மருந்து செய்யும் நொதியாகவே பயன்பட்டது.

பதில்: பாலக்காடு, பாலியேட்டிவ் செவிலியர்
ஐயா, தொட்டியிலும் போட வேண்டாம், தோப்பில் புதைக்கவும் வேண்டாம். மாத்திரை தந்த மையத்திலேயே திருப்பிக் கொடுங்கள். மார்ஃபின் வைத்திருக்கும் அங்கீகாரம் பெற்ற மையங்கள் அதற்குக் கணக்கு வைக்க வேண்டும், எனவே எண்ணிக் கொண்டுவந்தால் எங்களுக்கு வேலை எளிது. ஆசிரியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: மனித உடலில் மார்ஃபினை மாற்றும் முக்கிய நொதி கல்லீரலில் உள்ள யூஜிடி2பி7. அது மார்ஃபினோடு சர்க்கரை வகை அமிலம் ஒன்றை ஒட்டவைத்து உண்டாக்கும் குளுக்கரோனைடுகளில் ஒன்றுக்கு வலி தணிக்கும் ஆற்றல் உண்டு. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் உடலில் தேங்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு நாங்கள் அளவைக் குறைப்பதும் இடைவெளியைக் கூட்டுவதும் அதனால்தான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பாவுக்குக் கடைசி வாரத்தில் வேளையைக் குறைத்தபோது நான் மனக்கசப்போடு வாதிட்டேன். காரணம் இப்போதுதான் விளங்குகிறது. மாத்திரைகளை இன்று எண்ணினேன். 18 அல்ல, 19. ஒன்று அவருடைய தலையணை உறைக்குள் கிடந்தது. நாளை காலை மையத்தில் சேர்த்துவிடுகிறேன்.