பன்னாட்டு நிறுவனத்தில் வரைகலை வடிவமைப்புப் பயிற்சி: எங்கள் அனுபவங்கள்

விளம்பரப் பிரிவில் பயிற்சி பெற்றவர்:

பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் கிராஃபிக் டிசைன் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் என்ன வேலை தருவார்கள் என்று பலர் கேட்டிருப்பதால், அத்தகைய நிறுவனம் ஒன்றின் விளம்பர வடிவமைப்புப் பிரிவில் நான் பெற்ற பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்குக் காலணி நிறுவனமான நைக்கியின் லோகோவை வரைந்த கதையைக் கேட்டுவிட்டு இத்துறைக்கு வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அப்போது அது சிறிய நிறுவனம். வளர்ந்துவிட்ட நிறுவனத்தில் லோகோ வரையச் சொல்லிப் பயிற்சியாளரை யாரும் கேட்பதில்லை. விளம்பரத்தின் மூல எண்ணமும் முதல் வடிவமும் தலைமையகத்திலோ வெளி விளம்பர நிறுவனத்திலோ முடிவாகி, மூலக் கோப்பாக எங்களிடம் வந்து சேரும். அந்த ஒரு வடிவத்தைப் பல அளவுகளுக்கும் பல மொழிகளுக்கும் பொருத்தி எடுப்பதே எங்கள் பிரிவின் வேலை, அதில் பெரும்பகுதி பயிற்சியாளர்களின் மேசைக்குத்தான் வரும்.

சேர்ந்ததும் கையில் தந்தது பிராண்டு வழிகாட்டிக் கையேடு. லோகோவைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும், எந்த அளவுக்குக் கீழே அதைச் சிறிதாக்கக் கூடாது, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் வரலாம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். இவ்வகைக் கையேடு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள், நாசா 1970களில் உருவாக்கிய வரைகலை நெறிமுறைக் கையேட்டைத் தேடிப் படிக்கலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகும் முன்பே படித்துவிடுவது இன்னும் நல்லது.

இணையப் பக்கங்களில் வரும் விளம்பரப் பெட்டியான பேனரின் அளவை மாற்றுவது இயந்திர வேலை என்று நினைப்பவர்கள், 300×250 பிக்சலில் அமைந்த ஒரு விளம்பரத்தை 728×90க்கு மாற்றிப் பார்க்க வேண்டும். முதலாவது ஏறத்தாழச் சதுரம், இரண்டாவது நீண்ட பட்டை. மேலே தலைப்பு, நடுவே பொருளின் படம், கீழே பொத்தான் என்று கண் இறங்கிவந்த வரிசை முழுவதையும் இடமிருந்து வலமாகக் கிடத்த வேண்டும். 90 பிக்சல் உயரத்துக்குள் லோகோவுக்குரிய வெற்றிடத்தை விட்டபின் தலைப்புக்கு மிஞ்சுவது இரண்டு சிறிய வரிகள்தாம். 320×50 என்ற அளவு கேட்டால், படத்தை விடுவதா, தலைப்பில் பாதியை விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். கல்லூரியில் எதைச் சேர்ப்பது என்றுதான் யோசித்திருந்தேன். எதை விட்டால் விளம்பரம் இன்னும் அதே விளம்பரமாக இருக்கும் என்ற கேள்வியை இங்கேதான் முதலில் சந்தித்தேன்.

ஆனால் என் நேரத்தை அதிகம் விழுங்கியவை மொழிகள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் வாசகம் ஜெர்மனில் நீண்டுவிடும். அரபியில் முழு அமைப்பும் வலமிருந்து இடமாகத் திரும்பும். தமிழ் வடிவம் வந்தபோது, குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் என்னிடம் பார்க்கத் தந்தார்கள். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் சிதறி, கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. மொழிபெயர்ப்பாளர் அனுப்பியிருந்த வாசகத்தில் பிழையே இல்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தியை அமைக்கும் கருவியாக, பல மொழி எழுத்துகளையும் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுக்கப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றியதும் எழுத்துகள் தத்தம் இடத்துக்கு வந்தன. அடுத்த சிக்கல் வரி இடைவெளி. லத்தீன் எழுத்துக்கென்று வகுத்த இடைவெளியில், மேல்வரியில் இருந்த ‘மூ’வின் அடிச்சுழி கீழ்வரியில் இருந்த ‘தீ’யின் மேற்சுழியோடு முட்டிக்கொண்டது. இடைவெளியைக் கூட்டினால் வாசகம் பெட்டியைத் தாண்டும். எழுத்தைச் சிறிதாக்கினால் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவு மீறப்படும். இரண்டையும் செய்து காட்டி, வாசகத்தைச் சற்றுச் சுருக்கித் தரும்படி மொழிபெயர்ப்புக் குழுவைக் கேட்க ஒப்புதல் வாங்கினேன். தமிழ் தெரியாத ஒருவருக்கு அந்தப் பக்கம் எந்தக் குறையும் இல்லாததாகவே தெரிந்திருக்கும் என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, வேலை தேடும்போது காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் வைக்கத்தக்கதாக என்னிடம் இருந்தது மிகக் குறைவு. சேரும்போது கையெழுத்திட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தத்தின்படி வெளியாகாத எதையும் காட்டக் கூடாது. வெளியானவற்றுக்கும் உரிமை நிறுவனத்தினுடையது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைப் பயிற்சி நடக்கும்போதே மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பேக்கேஜிங் பிரிவில் பயிற்சி பெற்றவர்:

மேலே எழுதிய நண்பரின் அனுபவம் பெரும்பாலும் திரையைச் சார்ந்தது. நான் நுகர்பொருள் நிறுவனம் ஒன்றில் பொருள்களின் உறைகளை வடிவமைக்கும் பிரிவில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு முடிவும் அச்சு இயந்திரத்தையும் கடையின் பில் போடும் மேசையையும் மனத்தில் வைத்தே எடுக்கப்படும்.

ஒரு முறை சந்தைப்படுத்தல் பிரிவிலிருந்து குறிப்பு வந்தது: உறையின் முதன்மை நிறம் சிவப்பாக இருப்பதால், பின்பக்கத்து பார்கோடின் கறுப்புக் கோடுகள் உறுத்துகின்றன, அவற்றையும் சிவப்பாக்கிவிடலாம் என்று. என் மேற்பார்வையாளர் மறுத்து எதுவும் எழுதவில்லை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கோடுகளாக ஒரு மாதிரியை அச்சிட்டு, கடைகளில் பயன்படும் ஸ்கேனரை அதன்மேல் பிடிக்கச் சொன்னார். நான் எத்தனை கோணத்தில் பிடித்தும் அது வாய் திறக்கவில்லை. அத்தகைய ஸ்கேனர்கள் பல சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படிப்பவை. அந்த ஒளியில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒரே பிரகாசத்தில் தெரிவதால், கோடு இருப்பதே அதற்குத் தெரியாது. பார்கோடைச் சுருக்குவதற்கும் எல்லை உண்டு. சில்லறை விற்பனைக்கான 13 இலக்க பார்கோடின் இயல்பான அகலம், இருபுற வெற்றிடமும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர்; அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. சிறிய உறைகளில் மற்ற அனைத்தும் அந்தச் செவ்வகத்துக்கு வழிவிட்டுத்தான் அமைய வேண்டும்.

அச்சகத்துக்குப் போகும் கோப்புகளைச் சரிபார்ப்பதும் பயிற்சியாளர்களின் பொறுப்பாக இருந்தது. வெட்டும் ஓரத்துக்கு வெளியே நிறமும் படமும் நீளும் 3 மில்லிமீட்டர் கூடுதல் பகுதி (பிளீட்) விட்டிருக்கிறதா, படங்கள் அச்சுக்குரிய நிறமுறைக்கு மாறாமல் திரைக்குரிய ஆர்ஜிபியில் தங்கிவிட்டனவா, பிராண்டின் நிறம் முன்பே கலந்து எண்ணிட்ட தனி பான்டோன் மையாகவே இருக்கிறதா அல்லது யாரேனும் அதை நான்கு மைகளின் கலவையாக மாற்றிவிட்டார்களா என்பவை வழக்கமான சோதனைகள். சேர்மானப் பட்டியலைப் போன்ற பொடி எழுத்துகள் கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சாக வேண்டும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். நான்கு மைகளும் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சில் ஒரு மை மயிரிழை விலகினாலும் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் வண்ண நிழல் படிந்துவிடும். திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இது கண்ணில் படாது.

பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தவர்:

இருவர் எழுதியதையும் படித்தேன். இரண்டாமவர் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். முதலாமவரின் மனக்குறை பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

தேர்வின்போது எங்கள் முன் வரும் போர்ட்ஃபோலியோக்களில் பெரும்பாலானவை, புகழ்பெற்ற நிறுவனங்களின் லோகோக்களைத் தாமாகவே மாற்றி வரைந்து, அவற்றைக் கோப்பையிலும் சட்டையிலும் ஒட்டிக் காட்டும் படங்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வேலைக்கு வந்தால் இவர் என்ன செய்வார் என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. அதனால் நாங்கள் மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்வோம். ‘லேயர் 47 நகல் 3’ என்ற ரீதியில் பெயரிடப்படாத அடுக்குகள் குவிந்து கிடந்தால், அந்தக் கோப்பை நாளை எடுத்துத் திருத்தப்போகும் இன்னொருவரின் பாடு எங்கள் கண்முன் வந்துவிடும். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்திருந்தால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டை அளந்து பார்த்தீர்களா என்று கேட்போம். இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிகளின் இரட்டை-ஏ (AA) என்ற இடைநிலைப்படி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற விகிதம் வேண்டும். விடை தெரியாவிட்டால் கவலையில்லை, கேள்வியை எதிர்த்து வாதாடுபவரைத்தான் தவிர்ப்போம்.

ஆகவே முதலாமவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ‘கொ’ சிதறியதையும், இடைவெளிக்கும் எழுத்தளவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதையும் நீங்கள் விளக்கிய இரண்டு மூன்று வாக்கியங்களே ஒரு போர்ட்ஃபோலியோ பக்கத்துக்குப் போதும். நிறுவனத்தின் பெயரும் விளம்பரமும் வேண்டாம்; நீங்களே எழுதிய ஒரு மாதிரி வாசகத்தை வைத்து அதே சிக்கலை மீண்டும் உருவாக்கி, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தது என்று அருகருகே வைத்துக் காட்டுங்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, ஐயமிருந்தால் பழைய மேலாளருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பி ஒப்புதல் கேளுங்கள். வணிக விவரம் எதுவும் இல்லாத இத்தகைய பக்கத்துக்குப் பெரும்பாலும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.