சாய்ந்து விழுந்தபின் ஸ்டார்ட் ஆகாத வண்டி: ஆள் நடமாட்டம் இல்லாத பாதைக்கு எப்படித் தயார் செய்வது?

மண்பாதை (கேள்வி)

வணக்கம். நானும் நண்பரும் ஆளுக்கொரு வண்டியில் சில நாள் பயணம் போகப் போகிறோம். மண்ணும் ஜல்லியுமான பாதை, ஊர்கள் குறைவு, பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் கிடையாது. என்னுடையது ஒற்றை சிலிண்டர், ஃப்யூல் இன்ஜெக்ஷன், கிக்கர் இல்லை. ஸ்போக் சக்கரம், உள்ளே ட்யூப். முன்னால் 21 அங்குலம், பின்னால் 18.

முதல் சந்தேகம்: சமீபத்தில் ஜல்லியில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி சாய்ந்து விழுந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியிலும் கீறல்தான். ஆனால் நிமிர்த்தியபின் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் போராடிக் கைவிட்டபிறகு, ஒருமுறை அடித்துப் பார்த்தால் உடனே பிடித்துக்கொண்டது! மெக்கானிக்கிடம் காட்டினேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாவது: என்னென்ன கருவி, உதிரி எடுத்துப் போவது? இப்போதைக்கு என் பட்டியலில் முழு சாக்கெட் செட், பஞ்சர் பிளக் கிட், கார்பன் டை ஆக்சைடு குப்பிகள், ஸ்பேர் கிளட்ச் பிளேட், ஸ்பார்க் பிளக், இஞ்சின் ஆயில் 1 லிட்டர், ஃபில்டர் எல்லாம் இருக்கின்றன. பையைத் தூக்கவே முடியவில்லை.

ரெட்டைக்குழல்

விழுந்ததும் பெட்ரோல் அதிகமாக உள்ளே போய் ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் விட்டதும் காய்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்துச் செல்ஃப் அடித்திருந்தால் அப்போதே பிடித்திருக்கும்.

ஸ்பேனர்பெட்டி

கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். இவருடையது இன்ஜெக்ஷன். பம்ப் தள்ளாமல் பெட்ரோல் போகாது, விழுந்த வேகத்தில் அவ்வளவு சுலபமாக நிரம்பவும் செய்யாது.

மண்பாதை, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆன் செய்ததும் டேங்குக்குள் பம்ப் ‘உய்ய்ங்’ என்று ஓரிரு நொடி ஓடுமே, விழுந்தபிறகு அந்தச் சத்தம் வந்ததா? அந்த அரை மணி நேரத்தில் சாவியைத் திருப்பி ஆஃப் செய்தீர்களா, இல்லை ஹேண்டிலில் இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சை மட்டும் தட்டிக்கொண்டிருந்தீர்களா? கடைசியாகப் பிடிப்பதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள்?

மண்பாதை

பம்ப் சத்தம் வந்ததாக நினைவில்லை. கில் சுவிட்சைத்தான் மாற்றி மாற்றிப் போட்டேன், சாவி ஆனிலேயே இருந்தது. கடைசியில் ஃப்யூஸ் பார்க்கலாம் என்று சீட்டைக் கழற்றினேன். ஃப்யூஸ் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. திரும்ப மாட்டிவிட்டு அடித்தேன், பிடித்தது.

ஸ்பேனர்பெட்டி

சீட்டைக் கழற்ற எந்தச் சாவி?

மண்பாதை

அதே இக்னிஷன் சாவிதான். ஓ!

ஸ்பேனர்பெட்டி

அதேதான். உங்கள் வண்டியில் சாய்வு சென்சார் இருக்கிறது. வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால், விழுந்துவிட்டது என்று கணக்கில் எடுத்துக்கொண்டு பம்பையும் இக்னிஷனையும் வெட்டிவிடும். விழுந்த வண்டி ஓடிக்கொண்டே இருந்து தீப்பிடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நிமிர்த்தினால் மட்டும் பல வண்டிகளில் அது விடாது. சாவியை முழுக்க ஆஃப் செய்து, சில நொடி கழித்து ஆன் செய்ய வேண்டும். சீட்டைத் திறக்கச் சாவியை உருவினீர்கள், அது தன்னைத்தானே மீட்டுக்கொண்டது. மெக்கானிக் கைக்குப் போகும்போது கோளாறு எதுவும் மிச்சமில்லை, அவர் சொன்னதில் தப்பில்லை.

வண்டியின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு பத்தி இருக்கும், பாருங்கள். அந்த சென்சாரின் திருகும் ரப்பரும் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆடினால், விழாமலேயே குலுக்கலில் இஞ்சின் நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் விழுந்தால் கதையே வேறு. அப்போது செல்ஃபைத் தொடவே கூடாது. காற்று வடிகட்டி நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, இஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

கல்லும்முள்ளும்

பட்டியலுக்கு வருகிறேன். தம்பி, ட்யூப் டயருக்குப் பிளக் கிட் எதற்கு? அது ட்யூப்லெஸ்ஸுக்கானது. ட்யூபில் ஓட்டை விழுந்தால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். டயர் லீவர் 2 அல்லது 3, ஒட்டு வில்லைகள், பசை, கையால் அடிக்கும் பம்ப், ஒரு ஸ்பேர் ட்யூப். 21 அங்குல ட்யூப் ஒன்றே போதும், அவசரத்துக்கு அதைப் பின்னால் 18-லும் திணித்து ஊர் வந்து சேரலாம். எதிர்மாறாகச் செய்ய முடியாது. குப்பிகளை நம்பாதீர்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கைப்பம்பு தீராது.

பசை ட்யூபை ஒருமுறை திறந்தால் அடுத்த பயணத்துக்குள் உள்ளேயே காய்ந்து கிடக்கும். கிளம்பும் முன் புதிது வாங்குங்கள். ஒட்டும்போது பசையின் ஈரம் போய் மங்கலாகும் வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டவர்கள் எல்லாம் இரண்டு தடவை ஒட்டினார்கள். ட்யூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தைக் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், முள் அங்கேயே இருக்கும்.

சாக்கெட் செட்டை வீட்டில் வையுங்கள். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, எந்தெந்த நட்டு, போல்ட்டுக்கு எந்த அளவு என்று குறித்து, அதை மட்டும் எடுங்கள். அப்புறம் அந்தச் சின்னப் பையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே பின் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை மாற்றி, திரும்ப மாட்டுங்கள். பைக்குள் இல்லாத எதையாவது கை தேடினால் அதுதான் உங்கள் பட்டியலில் விட்டுப்போனது. மற்றவர்களுடைய பட்டியலைப் பார்த்துப் பை கட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

கிளட்ச் பிளேட்டும் ஃபில்டரும் வேண்டாம். பாதையில் யார் மாற்றப் போகிறார்கள்? புறப்படும் முன் பாருங்கள், தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். ஆயிலும் அப்படித்தான், வண்டி ஆயில் குடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் எடுங்கள்.

ரெட்டைக்குழல்

சரி, ஓவர்ஃப்ளோ பேச்சை வாபஸ் வாங்குகிறேன். உருப்படியாக ஒன்று சொல்கிறேன். விழுந்தால் முதலில் உடைவது கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும்தான். அவற்றின் கிளாம்ப்பை ஹேண்டில்பாரில் முரட்டுத்தனமாக இறுக்காமல், ஓட்டும்போது அசையாத, ஆனால் பலமாக அடித்தால் சுழலும் அளவில் இறுக்குங்கள். விழும்போது லீவர் சுழன்று தப்பிக்கும். ஸ்பேர் லீவரும் ஆளுக்கு ஒன்று எடுங்கள், எடை ஒன்றுமில்லை.

கிளட்ச் கேபிளுக்கு: புதிய கேபிளைப் பழையதின் பக்கத்திலேயே இழுத்து, இரு முனையையும் மண் போகாமல் டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரு முனையையும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

செயினுக்கு உங்கள் அளவில் ஒரு இணைப்பு லிங்க். 520 அளவு செயினுக்கு 520 லிங்க்தான், வேறு அளவு உட்காராது. கிளிப் வகை என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், வாய் பின்பக்கம். செயின் உடைக்கும் கருவி இல்லாமல் லிங்க் மட்டும் இருந்து பயனில்லை.

மின்கம்பி

வயரிங் பக்கம் யாரும் வரவில்லையே. கிக்கர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்கு பேட்டரிதான் உயிர். பேட்டரி சுத்தமாகச் செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது, பம்புக்கே கரண்ட் இருக்காது. சின்ன மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பேட்டரி. இஞ்சின் ஓடும்போது கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 14-ஐ ஒட்டி வர வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி மாற்றிப் பயனில்லை, கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரையும், அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். இந்த அளவை இப்போதே எடுத்து வையுங்கள். பாதையில் பார்க்கும்போது ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியரில் போடுங்கள். திரும்பவும் போனால் எங்கோ வயர் உரசுகிறது, அதைத் தேடுங்கள். பெரிய ஃப்யூஸோ வெள்ளிக் காகிதமோ போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும்.

கல்லும்முள்ளும்

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். வண்டியைப் பற்றி இவ்வளவு பேசினோம், ஆளைப் பற்றிப் பேசவில்லை. முதலுதவிப் பொருள், போன், அவசரச் செய்தி அனுப்பும் சேட்டிலைட் கருவி இருந்தால் அதுவும், உடம்பில் இருக்க வேண்டும். வண்டி பள்ளத்தில் கிடக்க, நீங்கள் மேலே காலொடிந்து கிடந்தால் சீட்டுக்கடியில் இருக்கும் கட்டுத்துணி எதற்கு உதவும்? சேட்டிலைட் கருவிக்குச் சில நாடுகளில் முன்அனுமதி வேண்டும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த வழி, எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்குமேல் தகவல் இல்லையென்றால் தேட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இழுத்து வர நேர்ந்தால் பட்டையை ஹேண்டிலில் கட்டவே கூடாது. பின்னால் வருபவர் கால்மிதியில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை பூட்ஸால் மிதித்துப் பிடிக்கட்டும். காலைத் தூக்கினால் விடுபட்டுவிடும்.

மண்பாதை

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் சாய்வு சென்சார் பத்தி இருக்கிறது, ஸ்பேனர்பெட்டி சொன்னபடியேதான். லீவர், கேபிள் வேலை முடிந்தது.

வாசலில் சக்கரம் கழற்றிப் பார்த்தேன். ஆக்சில் நட்டு சின்ன ஸ்பேனருக்கு அசையவே இல்லை, மேலே ஏறி நின்றுதான் திறந்தேன். கடைசியில் லீவர் பட்டுப் புது ட்யூபிலேயே ஓட்டை. இரண்டுக்கும் என்ன வழி?

கல்லும்முள்ளும்

நட்டு: கடைசியாக மாட்டியவர் கண்மண் தெரியாமல் இறுக்கியிருக்கிறார். கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஆக்சில் தண்டைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள், மரையில் வேண்டாம். ஸ்பேனர் மேல் செருக ஒரு குட்டிக் குழாய் பையில் இருக்கட்டும்.

ட்யூப்: மாட்டும் முன் உருவம் வரும் அளவுக்குக் காற்று அடியுங்கள், மடங்காது. டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால் லீவரில் பலம் காட்டாதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்குங்கள், இந்தப் பக்கம் தளர்ந்துவிடும். லீவர் நுனி ரிம்மைத் தாண்டி உள்ளே நுழையவே வேண்டாம். ஓட்டை விழுந்த அந்த ட்யூபை எறிந்துவிடாதீர்கள், ஒட்டுப் போட்டுப் பழகுங்கள்.