சனிக்கிழமை ஸ்னோமொபைல்

*செவ்வாய்*

கார்த்தி: சனிக்கிழமை நாங்க மூணு பேர் ஸ்னோமொபைல்ல, அதான் பனி மேல ஓடற வண்டில, மலைக்குப் போறோம். போட்ட பாதை இல்ல, நல்லா உள்ள 🏔️

அம்மா: உள்ளன்னா எவ்ளோ உள்ள?

சித்தப்பா: சிக்னல் கிடைக்காத அளவுக்கு, அண்ணி 😄

கார்த்தி: சும்மா இருங்க சித்தப்பா. என் போன்ல சாட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கும்மா

மாலா அக்கா: பனிச்சரிவுல புதைஞ்சவன் போனை எடுத்து வானத்துக்கா காட்டுவான்? சிக்னல் அனுப்பி, புதைஞ்சவனைத் தேட உதவற பீக்கன் கருவி எத்தனை இருக்கு?

கார்த்தி: ஒண்ணு

மாலா அக்கா: ஒண்ணு இருந்தா ஒண்ணுமே இல்லடா. ஒருத்தன் கத்தினா இன்னொருத்தனுக்குக் கேக்கணும்ல? ஆளுக்கொண்ணு வேணும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ்தான்

சித்தப்பா: ஹெலிகாப்டர் வராதா மாலா?

மாலா அக்கா: மேகம் இறங்காம இருந்தா வரும். ஆனா 10, 15 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தாதான் பெரும்பாலும் பிழைப்பாங்க. அரை மணி தாண்டினா ரொம்பக் கஷ்டம். எங்க மீட்பு டீம் போய்ச் சேரும்போது பல தடவை அவசரப்பட ஒண்ணும் இருக்காது

அம்மா: ஏண்டி இப்படி பயமுறுத்தற

மாலா அக்கா: இல்லம்மா, பக்கத்துல இருக்கறவன்தான் காப்பாத்தணும்னு சொல்றேன். கார்த்தி, மண்வாரியும், பனில குத்தித் தேடற ப்ரோப் கம்பியும் எங்க வைப்ப?

கார்த்தி: வண்டிப் பெட்டில

மாலா அக்கா: சரிவு வந்தா வண்டி ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம். முதுகுப் பையில வை. பீக்கன் ஜாக்கெட்டுக்குள்ள, போன் அதுலேர்ந்து ஒரு ஜாண் தள்ளி. தேடும்போது அரை மீட்டராவது தள்ளி இருக்கணும், வண்டியெல்லாம் ஆஃப்

மாலா அக்கா: அப்புறம், ஒருத்தன் மேட்டுல சிக்கிக்கிட்டா மத்தவன் வண்டியோட மேல ஏறவே கூடாது. ஒரு சரிவுல ஒரு வண்டி. மத்தவங்க ஓரமா நின்னு அவனையே பாக்கணும். கடைசியா எங்க தெரிஞ்சான்னு அப்பதான் சொல்ல முடியும்

கார்த்தி: நாங்க எப்பவும் போய்த் தள்ளி விடுவோமே 😬

மாலா அக்கா: தெரியும். அதான் சொன்னேன்

அம்மா: எத்தனை மணிக்குத் திரும்புவ?

கார்த்தி: 5

அம்மா: 5:01க்கு போலீஸுக்கு போன் போடுவேன்

மாலா அக்கா: 7 வெச்சுக்கலாம்மா 😄 டேய், கார் எங்க நிறுத்தறீங்க, எந்தப் பக்கம் போறீங்க, மூணு வண்டியும் என்ன கலர், எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி இங்க போடு. தேடறவங்க முதல்ல கேக்கறது அதைத்தான்

*வியாழன்*

கார்த்தி: இன்னும் ரெண்டு பீக்கன் வாடகைக்கு எடுத்தாச்சு 👍

மாலா அக்கா: ஒண்ணை ஆன் பண்ணி ஒரு பையில போட்டு பனில புதைச்சுத் தேடிப் பாருங்க. நேரம் குறி

சித்தப்பா: என்னைப் புதைக்காம இருந்தா சரி

கார்த்தி: 11 நிமிஷம். இடம் கண்டுபிடிக்க மட்டும். தோண்டவே ஆரம்பிக்கல

மாலா அக்கா: மறுபடி புதை