புதுப்பிப்பு: முழங்கால் தேய்மானத்தோடு உடம்பெல்லாம் வலி இருந்தால்

முந்தைய பதிவில் மூட்டு வலிக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பற்றி எழுதியிருந்தேன். சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அம்மாவுக்குத் தோள், இடுப்பு, முதுகு எல்லாமே வலிக்குது, ஜெல் எங்கே தடவுறது?"

நியாயமான கேள்வி. ஜெல் தடவிய மூட்டில்தான் வேலை செய்யும். வலி பரவிவிட்டால் நரம்பு மண்டலமே அதைப் பெருக்கிக் காட்டுவதாக இருக்கலாம். அங்கே டுலாக்ஸெடின் என்ற மாத்திரை உதவலாம். மனச்சோர்வு மாத்திரை என்று மிரள வேண்டாம். மூளையிலிருந்து இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைக்கு அது வலுவூட்டுகிறது.

வழக்கமாக முதல் வாரம் தினம் 30 மி.கி., பிறகு 60. சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டக் கூடாது, உள்ளிருக்கும் மணிகளின் மேற்பூச்சு கெட்டால் மருந்து வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பலர் பத்தாம் நாளே விட்டுவிடுவதுதான் தொல்லை. நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி படிப்படியாக. திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல் வரும்.

கிளினிக்கில் இரவுக்கு அமிட்ரிப்டிலின் (வலிக்கும் கொடுக்கப்படும் இன்னொரு மனச்சோர்வு மாத்திரை) கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டுலாக்ஸெடின் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றும். டிரமடோல் என்ற வலுவான வலி மாத்திரை சேர்ந்தால் செரோடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், காய்ச்சல், படபடப்பு வரலாம். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம். எனலாபிரில், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு அதே ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். நம் அம்மாக்களில் பாதிப் பேர் அந்த இரண்டையும் சாப்பிடுகிறவர்கள்தானே!

கல்லீரல் நோய், கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டுலாக்ஸெடின் கூடாது. மற்றவர்கள் ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.